பனியனில் பூத்த வெள்ளை

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் எங்கள் அப்பாவுக்கு மளிகைக் கடை. ராத்திரி கடை கட்டும்போது அரிசி, பருப்பு, மிளகாய் மூட்டைகள் எல்லாம் உள்ளே போகும். கல்லுப்பு மூட்டை மட்டும் வெளியிலேயே கிடக்கும். மேலே ஒரு கிழிந்த சாக்கைப் போர்த்திவிட்டுப் போய்விடுவோம். எந்தத் திருடனும் உப்பில் கை வைக்க மாட்டான் என்பது கடைத்தெருவின் நம்பிக்கை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அந்த மூட்டையின் மேல்தான் உட்கார்ந்திருப்பேன். பாவாடையெல்லாம் ஈரமாகி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். உப்பைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு என் கூடவே பிறந்தது. தராசு முள் ஒரு நூல் சாய்ந்தாலும் அப்பாவையே மடக்குவேன். எட்டாவது படித்ததற்கே பாதி ஊருக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் மகளுக்கு வாய் ஜாஸ்தி என்பார்கள். அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

பத்தொன்பது வயதில் என்னை நந்திதுர்க் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஐம்பதுகளின் கடைசி அது. மாப்பிள்ளை தூரத்து உறவு. தங்கச் சுரங்கத்தில் ரொம்ப ஆழத்தில், பாறைக்குத் துளை போடும் வேலை. "கடைக்காரன் பொண்ண அண்டர்கிரவுண்டு ஆளுக்கா குடுப்பாங்க?" என்று அத்தைகள் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கறுப்பாக, நெடுநெடுவென்று இருப்பார். சிரித்தால் கண் காணாமல் போய்விடும். பேச்சு குறைவு, ஆனால் சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான புதிதில் ஒருநாள் வளையல் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வந்ததே மழை, அப்படி ஒரு மழை. நானே வளையலை மறந்துவிட்டேன். மனிதர் தொப்பலாக நனைந்து வந்து, முழங்கால் சேறோடு, சட்டைக்குள்ளிருந்து வளையல் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஆண்கள் கீழே நடப்பதை வீட்டில் பேச மாட்டார்கள். மேலே கொண்டுவந்து விடும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டை விட்டு இறங்கியதும் அந்தப் பேச்சையும் ஷாஃப்ட் குழியிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். வீட்டில் சொன்னால் பெண்கள் பயப்படுவார்கள், மறுநாள் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அழுவார்கள், அது ஆகாது என்பார்கள். நான் விடுவேனா?

"கீழ எப்பிடிங்க இருக்கும்?"

"இருட்டா இருக்கும் மே."

"அப்பறம்?"

"அப்பறமும் இருட்டாத்தான் இருக்கும்."

அதற்கு மேல் வாயைக் கிண்ட முடியாது. பூமிக்குள் பாறை வெடித்து வீட்டில் பாத்திரம் கடகடவென்று ஆடினால் லைன் முழுக்க வெளியே ஓடி வந்து நிற்போம். எங்களுக்குத் தெரிந்த பயம் அது ஒன்றுதான். அந்த ஆழத்தில் பாறையே அடுப்பாகக் கொதிக்கும் என்றோ, ஒரு ஷிஃப்டில் மனிதன் உடம்பிலிருந்து குடம் குடமாக வேர்வை கொட்டும் என்றோ எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷம் அவரோடு குடித்தனம் செய்தும் அது எனக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இல்லாமலும் இல்லை. ஷாஃப்ட் பக்கத்திலேயே குளித்துவிட்டுக் காய்ந்த சட்டையோடுதான் வீட்டுக்கு வருவார். கீழே போட்டிருந்த பனியனும் அரை டிராயரும் ஒரு துணியில் சுருட்டி வரும். பனியன் காய்ந்து மொடமொடவென்று இருக்கும். முதுகிலும் அக்குளிலும் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருக்கும். கல்லுத் தூசி என்று நானே முடிவு கட்டினேன். நானே முடிவு கட்டிவிட்டால் அப்புறம் யாரைப் போய்க் கேட்பது? உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து வளர்ந்தவள், உப்பைக் கையில் வைத்துக்கொண்டு தூசி என்று உதறினேன்.

இன்னொரு வழியும் இருந்தது. கீழே சேர்ந்து வேலை செய்தவர்கள் அவரோடு ஆறு பேர். அவர்களுக்குப் பொதுவாக ஒரு கேன் கஞ்சித் தண்ணீர் போகும். அதில் கை நிறைய உப்புப் போட்டுக் கலக்கிக் குடிப்பார்கள். அந்த உப்பை வாரத்துக்கு ஒருவர் வீட்டிலிருந்து முறை வைத்துக் கொண்டுபோக வேண்டும். எங்கள் முறை வரும்போது அப்பா கடையிலிருந்து நல்ல வெள்ளைக் கல்லுப்பாகப் பொறுக்கி எடுத்து வந்து பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். இவ்வளவு உப்பு எதுக்கு என்று ஒருதரம் கேட்டேன். "சும்மா, ருசிக்கு" என்றார். சுரங்கத்து ஆட்களுக்கு நாக்கு செத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும். ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. நான் அலறிவிட்டேன். அவர் துண்டைச் சுருட்டி மூக்கில் அழுத்திக்கொண்டு, சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். சுரங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். ஒரே பிடியாக மறுத்துவிட்டார். ஏதாவது கோளாறு என்று அங்கே எழுதிவிட்டால் 'அன்ஃபிட்' ஆக்கிவிடுவார்கள், அண்டர்கிரவுண்டு வேலை போய்விடும், லைன் வீடும் கையை விட்டுப் போகலாம் என்கிற பயம். அந்த ஒரு வார்த்தைக்கு அங்கே எல்லா ஆண்களும் நடுங்குவார்கள்.

வெளியூர் டாக்டரிடம் காட்டலாம் என்ற யோசனை என்னுடையது. கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி பங்காருபேட்டைக்குப் போனோம். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்தார். கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். சுரங்கம் என்று சொன்னால் எப்படியாவது சேதி போய்விடுமோ என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு.

நான் முந்திக்கொண்டேன். "மளிகைக் கடை சார். எங்க அப்பாவோட கடை. உக்காந்த எடத்துல வேலை."

டாக்டர் தலையாட்டினார். ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்றார். "கொஞ்ச நாளைக்கு உப்பை அடியோட நிறுத்திடுங்க. ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் வேண்டாம். தண்ணி நல்லா குடிங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க."

கல்லா அருகே உட்கார்ந்திருக்கும் கடைக்காரருக்கு அவர் சொன்ன வைத்தியம் சரியாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கடைக்காரரை உண்டாக்கியவள் நான்தான்.

திரும்பி வரும்போது ரயிலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னா மே, வாயத் தொறந்தா பொய் அருவியாட்டம் கொட்டுது உனுக்கு!" நானும் சிரித்தேன். அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாளே உப்பு ஜாடி பரண் மேல் ஏறியது. நான் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். அவருக்கு மட்டும் தனியாக இல்லாமல் வீடு முழுக்க உப்பில்லாச் சமையல். முதல் நாள் கீரைக் கடைசலை வாயில் வைத்தவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். அப்புறம் சாப்பிட்டு முடித்தார். கீழே இருக்கும் கஞ்சிக் கேன் அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டில் இவ்வளவு பாடுபட்டு அங்கே போய் உப்பைக் கரைத்துக் குடித்தால் என்ன பிரயோசனம்? அதைத் தொடக் கூடாது என்றேன். அவர் தயங்கினார். "அது இல்லாம முடியாது மே. கீழ..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"கீழ இன்னா?"

"ஒண்ணுமில்ல."

அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். இப்போதும் எனக்கு அவர் மேல் கோபம் உண்டென்றால் அந்த 'ஒண்ணுமில்ல'வுக்காகத்தான். ஆனால் அவரைச் சொல்லி என்ன? நான்தான் குழந்தையைத் தூக்கி வந்து அவர் முன்னால் நிறுத்தி, அவர் கையைப் பிடித்து அதன் தலைமேல் வைத்தேன். "உப்புத் தண்ணி தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க." குழந்தை அவர் விரலைப் பிடித்து விளையாடியது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சத்தியம் செய்தார். டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னாரே என்று, வழக்கமான இரண்டு பாட்டிலோடு மூன்றாவதாக ஒரு பாட்டில் தண்ணீரும் காய்ச்சி ஆற வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போனது. துணி துவைக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். பனியனில் அந்த வெள்ளை குறைந்துகொண்டே வந்தது. முதலில் முதுகில் மட்டும் கொஞ்சம் இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. தூசி இல்லாத இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டம்மாவிடம் பனியனைத் தூக்கிக் காட்டிச் சொல்லிச் சிரித்தது கூட ஞாபகம் இருக்கிறது. பொங்கலுக்குப் புதுப் பனியன் வாங்க வேண்டாம், இதுவே புதுசு மாதிரி இருக்கிறது என்றேன்.

அதே நாட்களில்தான் அவருக்குத் தலைவலி வந்தது. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றியது. கெண்டைக்கால் சதை முடிச்சுப் போட்டுக்கொண்டு, நடக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சோற்றைப் பார்த்தால் குமட்டியது. அழுத்தம் இன்னும் இறங்கவில்லை, அதன் வேலைதான் இது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். ரொட்டியில் உப்பு இருக்கும் என்று அதையும் நிறுத்தினேன். அவர் தளரத் தளர நான் பிடியை இறுக்கினேன்.

ஒருநாள் மத்தியானம் குழாயடியிலிருந்து குடத்தோடு உள்ளே வந்தேன். அவர் ஸ்டூலின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். பரண் மேலிருந்த ஜாடியில் கை. உள்ளங்கையில் நாலு கல்லுப்பு. நாக்கை நீட்டி அதை நக்கிக்கொண்டிருந்தார், கண்ணை மூடிக்கொண்டு.

"உப்புத் திருடன்!" என்று கத்தினேன். "எங்க தெருவுல உப்பு மூட்டைய வெளியவே போட்டு வெச்சிருப்போம், ஒருத்தன் தொட்டதில்ல. எங்க அப்பா மாப்ளையே திருடறாரே!"

பாதி விளையாட்டு, பாதி ஆத்திரம். அவர் சின்னப் பிள்ளை மாதிரி முழித்தார். "நாக்கு கேக்குது மே. இன்னான்னு தெர்ல, உப்பு உப்புன்னு கேக்குது." நான் அவர் உள்ளங்கையைப் பிடித்து, மிச்சமிருந்த இரண்டு கல்லையும் தட்டிவிட்டேன். ஜாடியை எடுத்துப் போய் அம்மா வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். என் கையை வெட்டிப் போட வேண்டும் என்று எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது.

அடுத்த வாரம் உப்புக்கு எங்கள் முறை. ஐந்து பேர் குடிக்க வேண்டுமே என்று கடைக்குப் போய் நானே பொறுக்கி எடுத்து வந்தேன். காலையில் பொட்டலத்தை அவர் கையில் கொடுக்கும்போது, "இது அவுங்களுக்கு. ஞாபகம் இருக்கட்டும்" என்றேன். "உன்னாட்டம் மறக்கற ஆளா நானு?" என்று சிரித்தார். முகம் உப்பியிருந்தது. குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, மூன்று பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் சங்கு ஊதி ஷிஃப்ட் விட்டது. லைனில் எல்லா வீட்டு ஆண்களும் வந்தார்கள், அவர் வரவில்லை. அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர் ஓடி வந்தார். என்னை அண்ணி என்று கூப்பிடுகிற மனிதர். அப்போதுதான் முதல்முறையாகக் கீழே வேலை செய்த உடம்பைக் குளிக்காத கோலத்தில் பார்த்தேன். நெற்றியிலும் புருவத்திலும் கழுத்திலும் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"அண்ணி, வாங்க. அண்ணன ஆஸ்பத்திரிக்கித் தூக்கினு போயிருக்காங்க."

ஆஸ்பத்திரியில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கண் திறந்திருந்தது. வளையல் நனையுது, வளையல் நனையுது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கையில் பாட்டில் ஏற்றினார்கள். அங்கிருந்தவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். டாக்டர் என்னிடம் வந்து, வீட்டில் சாப்பாடு எப்படி, வேறு எங்காவது வைத்தியம் பார்த்தீர்களா என்று கேட்டார். பங்காருபேட்டை என் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அன்ஃபிட் எழுதிவிடுவார்களே, பிழைத்து எழுந்ததும் என்னைத் திட்டுவாரே என்றுதான் அந்த நேரத்திலும் என் புத்தி போனது.

"எப்பவும் போலத்தான் சார் சாப்புட்டாரு. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் அவர் போய்விட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. யாரையும் கேட்டதும் இல்லை. கேட்கப் பயம்.

எல்லாம் முடிந்து பதினாறாம் நாள், அன்றைக்கு என்னைக் கூப்பிட ஓடி வந்த அந்த மனிதர் வந்து வாசலிலேயே நின்று அழுதார். "கால் இழுக்குதுன்னு உக்காந்துட்டாரு அண்ணி. கேன்ல இருந்து மோந்து குடுத்தேன், உப்புக் கஞ்சி. வாய் வரைக்கும் கொண்டுபோயிட்டு கீழ வெச்சிட்டாரு. 'கொயந்த தலமேல சத்தியம் பண்ணிக்கிறேண்டா'ன்னாரு. வெறும் தண்ணியாவே குடிச்சிக்கினு இருந்தாரு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் யாருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்" என்றார். அவர் கடைசி வரை சொல்லவில்லை. உஷ்ணம் தாக்கிச் செத்தார் என்றே ஊர் நினைத்தது.

நான் குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்குப் பிறகு கடையையும் நானே பார்த்தேன். வெளியே அதே இடத்தில் உப்பு மூட்டை. எத்தனையோ பேருக்கு அளந்து கொடுத்திருக்கிறேன், என் தட்டில் மட்டும் அவர் போன நாளிலிருந்து உப்பு இல்லை. அம்மாவுக்கு பிரஷர் என்று என் மகள் எல்லோரிடமும் சொல்வாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் உயர்நிலைப் பள்ளியில் படித்த சமயம், எழுபதுகள். காலையில் என் முன்னால் உட்கார்ந்து பின்னலுக்குத் தலையைக் கொடுத்துவிட்டு, அன்றைய பாடத்தை எனக்கு ஒப்பிப்பாள். அன்றைக்கு உடம்பைப் பற்றிய பாடம். வெளியே வெயிலோ குளிரோ எது இருந்தாலும் உடம்பு உள்ளே தன் சூட்டையும் தண்ணீரையும் உப்பையும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளப் பார்க்குமாம். சூடு ஏறினால் வேர்வை விட்டு ஆற்றிக்கொள்ளுமாம்.

"வேர்வையில உப்பும் போயிடும்மா. அது குறைஞ்சிடுச்சின்னா உடம்பு இன்னா செய்யும் தெரியுமா? வேர்வையில கூட உப்ப விடாம இழுத்துப் புடிச்சி வெச்சிக்கும். எங்க மிஸ் சொன்னாங்க. அப்பவும் பத்தலன்னா உப்பு வேணும்னு நாக்கே கேக்குமாம். அந்த நேரத்துல வெறும் தண்ணிய மட்டும் நெறைய குடிச்சா ரொம்ப ஆபத்தாம். இருக்கற உப்பும் நீர்த்துப் போயி மூளையே வீங்கிடுமாம்."

சீப்பு என் கையில் அப்படியே நின்றது. பனியனில் குறைந்த வெள்ளை. ஸ்டூலின் மேல் கண்ணை மூடிக்கொண்டு நின்ற முகம். மூன்றாவது பாட்டில். அவருடைய உடம்பு ஒவ்வொரு படியிலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறது. எனக்குத் தெரிகிற மாதிரி, கொடியில் காயப் போட்டுக் காட்டியிருக்கிறது. வாய் விட்டும் கேட்டிருக்கிறது. நான் அத்தனை வழியையும் ஒவ்வொன்றாக அடைத்து, மேலே தண்ணீரையும் ஊற்றியிருக்கிறேன். பாசத்தோடுதான் செய்தேன். 

மகள் தலையைத் திருப்பாமலே கேட்டாள். "அப்பா உஷ்ணம் தாக்கித்தான செத்தாரு? கீழ உப்புத் தண்ணி இருக்காதாம்மா?"

"இருக்கும்."

"அப்ப ஏன் குடிக்கல?"

என் கை அவள் உச்சந்தலையில் இருந்தது. அதே தலை. அன்றைக்கு அவர் கையை நான் பிடித்து வைத்த இடம். சொன்னால் இந்தப் பெண் தன் தலையைத் தானே வெறுத்துவிடுவாளோ என்று பயந்தேன். என்னை வெறுத்துவிடுவாளோ என்றும் பயந்தேன். எது முதல் பயம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"மறந்துட்டாரும்மா" என்றேன்.

"குடிக்கவா மறந்துட்டாரு? அவ்ளோ மறதியா அப்பாவுக்கு?"

"ஆமா. ரொம்ப மறதி."

ரிப்பனைக் கட்டி முடித்தேன். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

இப்போது அவளுக்கு ஒரு பையன் இருக்கிறான். டிபன் டப்பாவைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வருவான், குடையைத் தொலைத்துவிட்டு வருவான். அவன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்து, "தாத்தாவோட மறதி அப்படியே வந்துக்குது இதுக்கு" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள் மகள். வாய் ஜாஸ்தி என்று பேர் வாங்கிய நான், உப்பில்லாத சோற்றைப் பிசைந்துகொண்டு, ஆமாம் என்று தலையாட்டுவேன்.